பாயை விடச் சொன்னவர்

பயப்படாதீங்க சார், டிக்கெட் கேட்டது நான்தான். கண்டக்டர் இன்னும் முன்படியிலேயே நின்று ஒரு அம்மாவோடு சில்லறைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். பர்ஸை உள்ளே வையுங்க. "அந்த மூணு பேர் சீட்டு, நீலச் சட்டை, உங்களைத்தாம்ப்பா, தூங்கிட்டா டிக்கெட் இல்லைன்னு அர்த்தமா?" எப்படி? அச்சு அசல் அவரேதானே? திருவாடானை தாண்டியதிலிருந்து கேட்டுக்கொண்டே வருகிறேன். பாதி மூக்கு, பாதி தொண்டை, நடுவில் ஒரு துண்டு பாக்கு. அவ்வளவுதான் அவர் குரல். சுலபம்.

எனக்கு யார் குரலும் வரும் சார். எங்க ஊர் சிப்பிக்குடி, தொண்டிக்குத் தெற்கே. அங்கே வந்து ரெமி என்று கேட்டுப்பாருங்க. பாதிப் பேர் சிரிப்பார்கள், பாதிப் பேர் கல்லைத் தேடுவார்கள். போன வருசம் கோயில் மைக்கில், பங்குச் சாமியார் குரலில், "பிரியமானவர்களே, நாளை பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை என்பதை அன்புடன் அறிவிக்கிறோம்" என்று சொல்லிவிட்டேன். பையன்கள் வராதது பெரிய விசயம் இல்லை. ஹெட்மாஸ்டரும் வரவில்லை.

இல்லை சார், அது பஸ் ஆட்டம். என் கால் ஆடவில்லை. பஸ் ஆடுகிறது.

ஜன்னலோரம் துண்டை முகத்தில் போட்டுத் தூங்குகிறாரே, அவர் என் தாய்மாமா. சூசைமாணிக்கம். மெதுவாகப் பேசுவோம். அவர் குரலை மட்டும் இப்போ கேட்காதீங்க, செய்யமாட்டேன். அது சும்மா செய்கிற குரல் இல்லை. மதுரையில் செய்யவேண்டியிருக்கு, அதற்காக வைத்திருக்கிறேன்.

உங்க பையைப் பார்த்ததுமே கேட்க நினைத்தேன். நீங்க மருந்துக் கம்பெனி ரெப்தானே? கழுத்துப்பட்டை, பளபளன்னு ஷூ. நினைத்தேன். அப்படின்னா டாக்டர்களோடு பேசிப் பழக்கம் இருக்கும். எனக்கு ஒரே ஒரு சந்தேகம் சார். அதற்கு முன்னாடி படகைப் பற்றிச் சொல்லணும். படகு தெரியாமல் கேட்டால் என்னைத் திருட்டுப்பயல் என்று நினைத்துவிடுவீங்க.

மாமா ஆஸ்பத்திரிக்குப் போகிறார். தொண்டையில் ஒரு வளர்ச்சி. தவசுக் காலத்தில் குரல் கரகரத்தது, பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை எல்லாம் ஆச்சு. ஈஸ்டருக்கு முன்னால் குரல் சுத்தமாக நின்றுபோச்சு. இப்போ அவருக்கு இருப்பது காற்று மட்டும். வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தால் சைக்கிள் டியூபில் காற்று போகிற மாதிரி புஸ்புஸ்ஸென்று கேட்கும். மதுரை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, சதை கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார். இன்றைக்கு ரிசல்ட். அதுவாக இருந்தால், அந்தப் பெயரை நான் சொல்லமாட்டேன், எங்க மாமி அதைச் சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கு, அதுவாக இருந்தால் குரல்வளையை எடுக்கணுமாம். எடுத்தால் உயிர் நிற்கும், குரல் வராது. விட்டால் ரெண்டும் போகும். டாக்டர் அப்படித்தான் சொன்னார். "லுக், மிஸ்டர் சூசை, சிம்பிளா சொல்றேன்." டாக்டர் குரலும் வரும் சார். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே பேசுவார்.

படகுக்கு வருகிறேன்.

எங்க பக்கம் பாய்மரப் போட்டி பார்த்திருக்கீங்களா? கோயில் திருவிழாவுக்கு நடக்கும். கரையில் நின்று பார்த்தால் சொர்க்கம் மாதிரி இருக்கும். வெள்ளை வெள்ளையாகப் பாய், நீலத் தண்ணி, காலண்டர் படம்தான். படகுக்குள் உட்கார்ந்து பாருங்க, அப்புறம் எந்தக் காலண்டரையும் மாட்டமாட்டீங்க.

எங்க படகின் பெயர் சம்மனசு, அதாவது தேவதூதர். அதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று சொல்கிறேன், நீங்களே சொல்லுங்க அது படகா, தூக்குமேடையா என்று. உடம்பு ஒல்லி. வெள்ளரிக்காயை நடுவில் பிளந்து குடைந்த மாதிரி. தண்ணியில் வழுக்கணும் என்று முந்தின நாள் அடிவயிறு முழுக்கச் சோற்றுக்கற்றாழை தேய்ப்பார்கள். கையை வைத்தால் கை நிற்காது. அதன் மேல் ஒரு பாய்மரம், பாய்மரத்துக்குக் குறுக்கே படகைவிட நீளமாக ஒரு மூங்கில். மூங்கிலில் தொங்குகிற பாய் இருக்கிறதே, அது மீன்பிடிக்கப் போகிற பாய் இல்லை. போட்டிக்கென்று தைத்த ராட்சசப் பாய். எங்க வீட்டுக்குக் கூரையாகப் போட்டால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து மூடும். சரி, இவ்வளவு பாய்க்குக் கீழே கனம் வேணுமா இல்லையா? கிடையாது சார். எங்க கடலில் ஆழம் குறைவு. அடியில் கனம் வைத்தால் தரை தட்டும். அதனால் படகு அடி தட்டை. பாயை இழுத்துக் கட்டி நிறுத்தி வைத்தால் கவிழும். ஓடினால்தான் நிற்கும்.

அப்போ எது அதைப் பிடித்து நிறுத்துகிறது? ஆள்தான். மனுசன்தான் கனம்.

படகின் குறுக்கே ஒரு நீளப் பலகை. ஒரு முனை காற்று வருகிற பக்கமாகத் தண்ணிக்கு மேலே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். மறுமுனையைப் படகின் இந்த ஓரத்தில் ஒரு கயிற்றால் கட்டியிருப்பார்கள். காற்று பாயை அமுக்க அமுக்க, ஆட்கள் அந்தப் பலகையில் வெளியே, வெளியே, இன்னும் வெளியே நடப்பார்கள். பார்க்கில் சீசா இருக்கே, அதேதான். ஒரு பக்கம் பாய், மறுபக்கம் மூன்று ஆம்பிளைகள். நடுவில் நான்.

கயிறு அறுந்தால்? நானும் அதைத்தான் கேட்டேன். "அறுந்தா என்னடா, குளிச்ச மாதிரி ஆச்சு" என்றார் கஸ்பார் அண்ணன். பலகையில் நுனிக்குப் போகிறவர் அவர்தான். உடம்பு பார்த்தீங்கன்னா அரிசி மூட்டைக்கு மீசை வைத்த மாதிரி. அவருக்குக் குளியல். எனக்கு? கனம் போனதும் படகு என் பக்கமாகச் சாயும். அந்தப் பாய் அப்படியே என் மேல் விழும். எனக்கு நீச்சல் தெரியும் சார், கடற்கரைக்காரன். ஆனால் நனைந்த பாய்க்கு அடியில் நீச்சல் எதற்கு? இடுப்பளவுத் தண்ணி போதும். மேலே வந்தால் பாய் மூக்கில் ஒட்டும். எங்க ஊரில் அப்படி ஒருத்தர் போயிருக்கிறார். அவர் வீட்டுக்காரி இன்றைக்கும் வெள்ளைப் போர்வை வாங்கமாட்டார்.

பயமா? எனக்கா? சும்மா சொல்கிறேன்.

சரி, நான் எதற்கு அந்தப் படகில் ஏறினேன்? அங்கேதான் விசயம். பலகையில் நிற்கிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. திரும்பினால் கால் வழுக்கும். பாயை இழுத்துப் பிடிக்கிற கயிற்றை எங்க ஊரில் தாமான் என்போம். தாமான் பிடிக்கிற செய்யது அண்ணனும் பாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்திருப்பவர் மாமா. அவர் சொல்லுக்குத்தான் எல்லாம். யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. காதுதான் அவர்களுக்குக் கண். மாமா கடலில் இருந்து கூப்பிட்டால் கரையில் நாய் எழும்பும், அப்படி ஒரு குரல். "போங்கடா வெளிய! நுனிக்குப் போங்கடா! மாமியார் வீட்டுத் தூணா அது, கட்டிப்பிடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க!" என்றால் அவர்கள் யோசிப்பதில்லை. கால் தானாக நடக்கும்.

அந்தக் குரல்தான் நின்றுபோச்சு.

படகுக்கு முதலாளி பாக்கியநாதன். "குரல் இல்லாதவன் கையில சுக்கானா? ஊமைக்குக் கச்சேரியா?" என்று வேறு ஆளைத் தேட ஆரம்பித்தார். மாமா நாலு நாள் சாப்பிடவில்லை. அந்த நேரம் பார்த்து நான் ஒரு காரியம் செய்தேன். கஸ்பார் அண்ணன் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். நான் வலைக்குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "டேய் கஸ்பாரு, எருமை, எந்திரிச்சு வாடா!" என்று மாமா குரலில் ஒரு போடு போட்டேன். மனுசன் டீயைத் தன் மேலேயே ஊற்றிக்கொண்டு எழுந்து ஓடி வந்தார். நான் விழுந்து விழுந்து சிரிக்கிறேன், பின்னால் யாரோ என் சட்டைக் காலரைப் பிடிக்கிறார்கள். மாமா.

அடிப்பார் என்று கண்ணை மூடினேன். அவர் என் காதில் புஸ்ஸென்று சொன்னார்: "மறுபடி செய்."

அப்படித்தான் சார் நான் சம்மனசில் தண்ணி இறைக்கிற ஆளாக ஏறினேன். மாமாவின் காலடியில், அவர் பாதத்தில் என் முதுகு படுகிற மாதிரி குந்தியிருக்கணும். கையில் வெட்டின பிளாஸ்டிக் கேன். ஊருக்கு நான் தண்ணி இறைக்கிறவன். உண்மையில் நான்தான் மாமாவின் தொண்டை. முதுகில் பெருவிரலால் அமுக்கினால், "வெளிய போங்கடா!" ரெண்டு காலாலும் உதைத்தால், "திருப்புறோம், குனியுங்கடா!" குதிகாலை வைத்து அழுத்தினால், "பாயை விடு, எல்லாரும் உள்ள வா." அது தோற்றுப்போகிற சைகை. பாயை விட்டால் படகு நின்றுவிடும், போட்டி அவ்வளவுதான். அந்தக் குதிகாலைச் சொல்லிக்கொடுக்கும்போதே மாமா சிரித்தார். "இது உனக்குத் தேவைப்படாது" என்றார், காற்றாலேயே. அவர் வாழ்க்கையில் ஒரு தடவைகூட ஆளை உள்ளே கூப்பிட்டது கிடையாதாம்.

முதலாளியை நம்பவைக்கணுமே? மாமா வாசலில் மீன் வாங்குகிற மாதிரி நிற்பார், நான் கதவுக்குப் பின்னால் நின்று, "என்னம்மா இது, மீனா, பொம்மையா, கண்ணே இல்லை!" என்பேன். மாமா வாயை அசைப்பார். ஒரே வாரத்தில் ஊர் முழுக்க, சூசைக்குக் குரல் வந்துருச்சு! ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. கஸ்பார் அண்ணன்கூட என்னிடம் வந்து, "மாமாவுக்கு மருந்து நல்லா கேக்குதுடா ரெமி. ஆனா அவர் மீன்காரிகிட்ட பேசும்போது கதவு இடுக்குல ஒரு கட்டைவிரல் தெரியுது, அதை மட்டும் உள்ள இழுத்துக்கச் சொல்லு" என்றார். என்ன சொன்னார் என்றே புரியவில்லை. பாவம், நல்ல மனுசன், மூளை கொஞ்சம் கம்மி.

காளையார்கோவில் வந்தாச்சா? நீங்க இறங்கலையே? நல்லது. நல்லது சார்.

ஒத்திகைக்குக் கடலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா! என்னை நடுரோட்டில் தோப்புக்கரணம் போடவைத்த கஸ்பார் அண்ணனை, "ஏய் அரிசி மூட்டை, நகருடா" என்கிறேன், நகருகிறார். செய்யது அண்ணனை, "தூங்குறியா, கயிற்றை இழுடா" என்கிறேன், இழுக்கிறார். ஒரு நாள் சும்மா என் சொந்தக் குரலில், "மாமா, சுறா! சுறா!" என்று கத்தினேன். எல்லாரும் பலகையிலிருந்து குதித்து உள்ளே வந்து மோதிக்கொண்டார்கள். அதுக்கு மட்டும் மாமாவிடம் ஒன்று வாங்கினேன். இதோ, காதுக்குப் பின்னால். இன்னும் ஙொய்ங்கிறது.

ஆனால் ராத்திரி படுத்தால் அந்தப் பாய் வரும் சார். கனவில். வெள்ளையாக மெதுவாக மேலே வந்து இறங்கும். வீட்டில் ஃபேனைப் போட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. மாமா குரலில் இருக்கும்போது மட்டும் பயம் வராது. அது ஒரு விசித்திரம். அந்தக் குரலுக்குப் பயப்படத் தெரியாது.

கயிறு. கயிற்றைச் சொல்லவேண்டும். பலகையின் உள்முனையைக் கட்டுகிற கயிறு இருக்கே, எங்க ஊரில் ஜெயித்த கயிற்றை மாற்றமாட்டார்கள். ஜெயித்ததும் அதை அவிழ்த்து அந்தோணியார் சிலை இருக்கிற கெபியில் மாட்டிவிடுவார்கள். வருசம் முழுக்க அது அங்கேயே தொங்கும். மறு வருசம் மந்திரித்து, சுக்கான்காரர் தன் கையால் கட்டுவார். வேறு யாரும் தொடக்கூடாது, இழுத்துப் பார்க்கக்கூடாது, ஏன் என்று கேட்கக்கூடாது. மாமா மூன்று வருசமாக ஜெயித்த கயிறு அது. மூன்று வருசம் உப்பு, வெயில், மழை, பக்கத்தில் மெழுகுவத்திச் சூடு. நான் பார்த்தேன், அது தேங்காய்நார் பிரஷ் மாதிரி முள் விட்டிருந்தது. செய்யது அண்ணன் மட்டும், "சூசை, புதுசு ஒண்ணு சேர்த்துக் கட்டுவமா?" என்று கேட்டார். மாமா முறைத்த முறையில் அவர் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

திருவிழா அன்று கச்சான் காற்று. மேற்கே இருந்து வரும். காலையில் பூனை மாதிரி இருக்கும், வெயில் ஏற ஏற நாய் ஆகும். கொடி அசைத்ததும் கிளம்பினோம். வெளியே கடலில் ஒரு மிதவை, அதில் சிவப்புக் கொடி, அதைச் சுற்றிக் கரைக்குத் திரும்பணும். போகும்போது ஒன்றும் இல்லை. முதுகில் பெருவிரல், நான் கத்துகிறேன், அவர்கள் நடக்கிறார்கள். மிதவையைச் சுற்றித் திரும்பினோம். எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு படகுதான். அதன் சுக்கான்காரன் கழுத்து வேர்வைகூடத் தெரிகிறது, அவ்வளவு பக்கம்.

அப்போதான் காற்று நாய் ஆச்சு.

பாய் டம்மென்று நிரம்பியது. படகு என் பக்கம் சாய்ந்தது. தண்ணி ஓரத்தைத் தாண்டி என் மடியில் விழுகிறது. முதுகில் பெருவிரல். "வெளிய போங்கடா!" போனார்கள். மறுபடி பெருவிரல். "இன்னும் வெளிய, சோத்துமூட்டைகளா!" போனார்கள். படகு நிமிர்ந்து ஓடியது பாருங்க, அது ஓட்டம் இல்லை, தண்ணியில் விட்டெறிந்த ஓட்டாஞ்சில்லு மாதிரி தத்திப் பறப்பது. நான் கேனைத் தண்ணியில் விடக் குனிந்தேன். என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் அந்தக் கயிற்றுக் கட்டு. டிக் என்று ஒரு சத்தம்.

ஒரு பிரி அறுந்து புழு மாதிரி சுருண்டது.

நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். டிக். இன்னொன்று. திரும்பி, என் குரலில், என் சொந்தக் குரலில், "மாமா, கயிறு! கயிறு அறுகுது மாமா!" என்றேன். மாமா குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவர் கண் முன்னால் போகிற படகின் மேல். சுறா கத்தின பயல்தானே. பலகையிலிருந்து கஸ்பார் அண்ணன் திரும்பாமலே, "ரெமி, வெளாட்டு போதும், தண்ணிய இறைடா!" என்கிறார். முதுகில் பெருவிரல். இன்னும் வெளியே அனுப்பு. நான் கத்தவில்லை. பெருவிரல் இன்னும் ஆழமாக. நகம் சட்டையைத் தாண்டி இறங்குகிறது. டிக்.

என் குரலை யாரும் நம்பமாட்டார்கள் சார். நானே நம்பமாட்டேன். மேலே பார்த்தேன். அந்தப் பாய். கனவில் வருகிற அதே பாய்.

அப்புறம் குரல் வந்தது. நான் எடுத்த மாதிரியே இல்லை, அதுவே வந்தது. மாமாவின் குரல், நாய் எழுப்புகிற குரல். "பாயை விடு! தாமானை விடு! உள்ள வாங்க, எல்லாரும் உள்ள வந்துருங்க அண்ணே, அண்ணே, உள்ள வந்துருங்க அண்ணே!"

பார்த்தீங்களா? அவசரத்தில் 'அண்ணே' வந்துவிட்டது. மாமா எந்தக் காலத்தில் கஸ்பாரை அண்ணே என்றார்? நல்லவேளை, அந்தக் காற்றில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. செய்யது அண்ணன் அந்த நிமிசமே தாமானை விட்டார். மூன்று பேரும் பலகையில் தவழ்ந்து உள்ளே வந்து விழுந்தார்கள். பாய் படபடவென்று அடித்துத் தளர்ந்தது. படகு நின்றது. எங்களைத் தாண்டி ஒன்று, ரெண்டு, மூன்று, எல்லாப் படகும் போச்சு. எங்களைப் பார்த்து ஊளையிட்டுக்கொண்டே போனார்கள்.

நான் திரும்பி மாமா முகத்தைப் பார்க்கவில்லை. முடியவில்லை. முதுகில் அவர் கால் இல்லை, எடுத்துவிட்டார். அந்த இடம் மட்டும் சில்லென்று இருந்தது.

கஸ்பார் அண்ணன் கயிற்றைப் பார்த்தார். ஒரே ஒரு பிரி மிச்சம். அதை விரலால் தொட்டார், அவ்வளவுதான், அதுவும் போச்சு. அப்புறம் அவர் என் தலையில் ஈரக்கையை வைத்து, "நல்லா கத்துன" என்றார். தண்ணி இறைக்கும்போது ஏதோ கத்தினேன் இல்லையா, அதைச் சொல்கிறார் போல.

கரையில் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டி நிற்கிறார். "யாருடா பாயை விடச் சொன்னது? ஜெயிக்கிற நேரத்துல எவன்டா சொன்னது?" முடிந்தது, இன்றோடு மாட்டினோம். மாமா படகிலிருந்து இறங்கி வந்து தன் நெஞ்சில் தட்டினார். நான்.

"வாயைத் திறந்து சொல்லேன்யா!"

அப்போ கஸ்பார் அண்ணன் குறுக்கே வந்தார். "சூசை மாமாதான் சொன்னாரு. நாங்க எல்லாரும் காதால கேட்டோம்." செய்யது அண்ணனும், "ஆமா முதலாளி. கணீர்னு சொன்னாரு. ரெண்டு தடவை" என்றார். மற்ற ரெண்டு பேரும் அந்தோணியார் மேல் சத்தியம் செய்தார்கள். எப்படி என் திறமை? நாலு ஆம்பிளைகள், ஒரே படகு, ஒருத்தருக்குக்கூடத் தெரியவில்லை!

கஸ்பார் அண்ணன் அந்தக் கயிற்றை முதலாளி காலடியில் போட்டார். அவர் அதைக் காலால் புரட்டிப் பார்த்தார். அப்புறம், "இந்த நூலை வைச்சா கட்டுன? யாரு கட்டுனது?" என்றார். மாமா மறுபடி நெஞ்சில் தட்டினார். ரெண்டுக்கும் அவரே தட்டிக்கொண்டார். வேறு வழி? நான்தான் கத்தினேன் என்று சொன்னால் குரல் இல்லாதது வெளியே வந்துவிடுமே. அதற்காகத்தான் தட்டியிருப்பார். வேறு எதற்கு? அடுத்த வருசம் சுக்கான் வேறு ஆளுக்கு என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். மறுநாள் கஸ்பார் அண்ணன் என்னைக் கூட்டிப்போய் வயிறு முட்ட புரோட்டா வாங்கிக்கொடுத்தார். எதற்கென்று கேட்டதற்கு, "சாப்பிடுடா, பேசாம" என்றார். அவர் மகள் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மாமா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. அவர் வீட்டுப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முந்தாநாள்தான் வந்தார். என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, காதில் புஸ்புஸ்ஸென்று, "மதுரைக்கு நீ வா" என்றார். மாமியைக் கூட்டிப்போகவில்லை. மாமி வந்தால் அழுதுகொண்டே 'சரி டாக்டர்' என்று சொல்லிவிடும். எனக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான் சார். டாக்டர், அறுக்கணும் என்று சொன்னால், நான் மாமா குரலில், "வேண்டாம், எனக்குச் சம்மதம் இல்லை" என்று சொல்லணும். மாமா வாயை அசைப்பார். தலையை ஆட்டினால் போதாதா என்றேன். "என் குரல்ல சொன்னாத்தான் நான் சொன்ன மாதிரி" என்றார். அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தடவை நான் சொல்றதை மட்டும் சொல்லணும்" என்றார். அந்தோணியார் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். இதோ பாருங்க, பிடித்த இடம். இல்லை, அது பழைய தழும்பு. பிடித்த இடம் இப்போ தெரியவில்லை. ஆனால் அங்கேதான்.

இப்போ என் சந்தேகம். ஒருத்தர் குரலில் அவர் சொல்லாததைச் சொன்னால் அது பொய்தானே? டாக்டர் அதை எழுதிக்கொள்வாரா? 'சரி, அறுத்துக்கங்க' என்று மாமா குரலிலேயே வந்துவிட்டால்? நான் எடுக்கமாட்டேன் சார், சத்தியம் செய்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கும் நான் எடுக்கவில்லை. அதுவாகத்தான் வந்தது. அதுதான் கேட்கிறேன்.

பையை அப்புறம் எடுக்கலாம், இதைச் சொல்லுங்க சார்.

அது மாட்டுத்தாவணிதானே, அந்த வளைவு? அதுக்குள்ளேவா? இந்த டிரைவருக்கு என்ன அவசரம். நீங்க எங்கே சார் இறங்குறீங்க? எந்தப் பக்கம் போறீங்க? ஆஸ்பத்திரி பக்கத்தில்தான், ஆட்டோவில் கொஞ்ச தூரம். உங்களுக்கும் டாக்டர்களைப் பார்க்கிற வேலைதானே? நீங்களும் கூட வந்து உட்கார்ந்தால் டாக்டர் கொஞ்சம் மெதுவாகப் பேசுவார். பயமெல்லாம் இல்லை. சும்மா பேச்சுத்துணைக்கு. வாங்களேன் அண்ணே. ஒரு பத்து நிமிசம். வாசல் வரைக்கும் வாங்க அண்ணே.

ஐயோ. மாமா முழித்திருக்கிறார்.

துண்டு அப்படியேதான் இருக்கு. கால். என் பாதத்தின் மேல் அவர் காலை வைத்திருக்கிறார். எப்போதிலிருந்து முழித்திருக்கிறாரோ. பெருவிரல் இல்லை அண்ணே. குதிகால். படகில் ஒரு தடவைகூட அழுத்தாத குதிகால்.

பேச்சை நிறுத்தச் சொல்கிறார் போல. சரி மாமா. மூடிட்டேன் மாமா.

மூடிட்டேனே மாமா. இன்னும் ஏன் அமுக்குறீங்க?